பின்வாசலைப் பற்றி ஒரு வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். துணியில் ஓட்டை இருந்தால் அதை மடிப்புக்குள் வைத்து விரிக்கத்தான் எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் ஓட்டையைக் காட்டிவிட்டுப் பிறகு விலை சொல்வது எனக்குப் புதுப் பழக்கம், கை பழகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை இதுதான்: இதை நான் கதையாக எழுதவில்லை. சான்றாக எழுதினேன். எப்படிக் கதையானது என்பது கடைசியில் வரும்.

2

முதல் தொடக்கம்: "அவள் இணையக் கலைக்களஞ்சியத்தில் சேர்ந்த அன்று மழை" — மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "இருபத்திரண்டு வயது, எதையும் தெரிந்துகொள்ளத் துடிக்கும்" — அவருக்கு அறுபத்தொன்று. ரவிக்கை தைப்பவர். இதைப் படித்துக் காட்டியபோது, "தம்பி, அளவு எடுக்காமயே வெட்டிட்டீங்களே" என்றார். அதுவும் போயிற்று.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் பதினான்கு வருடமாகச் சம்பளமில்லாமல் உழைக்கிறேன். அங்கே ஒரே ஒரு கண்டிப்பு: எழுதும் எந்தத் தகவலுக்கும் அச்சில் வந்த சான்று வேண்டும். புதிதாகச் சேர்பவருக்குப் பழையவர் ஒருவர் வழிகாட்டுவார்; இவருக்கு நான். என் பயனர்பெயர் 'ஒரேவிலை'. (பேரம் பேசியே வளர்ந்த குடும்பத்துக்கு என்னால் முடிந்த துரோகம்.) அவர் வைத்துக்கொண்ட பெயர் 'நூல்கண்டு'.

ஞாயிறு காலைகளில் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்து தொலைபேசியில் பேசிக்கொள்வோம்.

"தம்பி, தையல் இயந்திரம் பக்கத்துல ஒரு கமா விட்டுப்போயிருக்கு. போடலாமா?"

"தாராளமா போடுங்கக்கா. யாரையும் கேக்க வேண்டாம்."

"யாரையும் கேக்க வேண்டாமா? அப்ப யாரு வேணா என்ன வேணா எழுதிட்டுப் போயிடலாமா?"

"சான்று இல்லாம எழுதினா எவனாவது வந்து தூக்கிடுவான்."

"எல்லாத்தையும் தூக்கிடுவானா?"

"எல்லாத்தையும்க்கா. அதான் இதோட அழகே."

மறுமுனையில் சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கமா போடுகிறார் என்று நினைத்தேன்.

3

நான்கு மாதத்தில் இருநூறு திருத்தங்கள் செய்திருந்தார். ஒன்றைக்கூட யாரும் தூக்கவில்லை. என் மாணவர் என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் ஜவுளி வளாகத் தீவிபத்து பற்றிய கட்டுரையைத் திறக்கச் சொன்னார். எங்கள் கடை இருந்த அதே வளாகம். ஒரு நண்பகலில் பிடித்த தீ. பின்வாசல் திறக்காததால் இரண்டு பேர் உள்ளேயே இறந்தார்கள். கட்டுரையில் ஒரு வரி இப்படி இருந்தது, இன்னும் இருக்கிறது:

'தீ பரவியபோது காவலாளி பின்வாசலைப் பூட்டிவிட்டு வெளியே சென்றிருந்தார்.'

"இந்த வரிய எடுக்கணும் தம்பி."

"பத்திரிகைச் செய்திய சான்றா குடுத்திருக்காங்கக்கா."

"அது பொய்."

"பொய்ங்கறதுக்கு ஒரு சான்று இருக்கா?"

"இருக்கு. உள்ள கட்டில்ல படுத்திருக்கு."

அவருடைய கணவர்தான் அந்தக் காவலாளி. முன்வாசலில் நின்றவர். பின்வாசல் சாவி அவரிடம் இருந்ததே இல்லை. அன்று அதைக் கேட்டுக் கடை கடையாக ஓடியிருக்கிறார். விசாரணை அறிக்கை எதுவும் வெளியே வரவில்லை. எப்படியோ மறந்து வாழ்ந்தவர்கள். போன வருடம் பேத்தி பள்ளிக்கூட ஒப்படைப்புக்காக அந்தப் பக்கத்தை அச்செடுத்து வந்து, எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் என்று தெரியாமல், சத்தமாக வாசித்திருக்கிறாள். வாசித்து முடித்ததும், "தாத்தா, அந்த ஆளு ஏன் அப்படிப் பண்ணான்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து தெருவுக்கு வருவதில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? ரத்தம் விடுமா, பேரம் பேசினேன்.

"சொந்தக்காரங்க விஷயத்துல நீங்க கை வைக்கக் கூடாதுக்கா, விதி இருக்கு. வேணா நான் ஒண்ணு பண்றேன். 'சென்றிருந்ததாகக் கூறப்படுகிறது'ன்னு மாத்திடறேன்."

"பாதி விலைக்குத் தர்றீங்களா? ரெண்டு உசுரு போன பழில பாதிய அவரு வச்சுக்கணுமா?"

4

கட்டுரை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார் என்பதெல்லாம் அதில் அழியாமல் இருக்கும். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

"தையல் பிரிக்கறப்ப நடுவுல புடிச்சு இழுக்கக் கூடாது தம்பி. முடிச்சு எங்க விழுந்திருக்குன்னு பாக்கணும்" என்றார். "இந்த வரி வந்த தேதிய பாருங்க. பத்திரிகைல செய்தி வந்தது அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு. கழுத்தே வெட்டல, அதுக்குள்ள பட்டி தச்சாச்சா?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாத்தியார் குரலில் விளக்கினேன்.

"அட, இது தெரிஞ்ச கோளாறுதான்க்கா. எவனோ ஒரு கேனயன் காதுல விழுந்தத இங்க எழுதியிருக்கான். பத்திரிகைக்காரன் இங்க பாத்து காப்பியடிச்சிருக்கான். அப்புறம் இன்னொருத்தன் அந்தப் பத்திரிகையவே கொண்டுவந்து சான்றா ஒட்டிட்டான். வரிய எழுதின கேனயன் பேரு போட்டிருக்கும், படிங்க. ஒரு கை பாத்துடலாம்."

"ஒரேவிலைன்னு போட்டிருக்கு தம்பி."

அப்போது எனக்கு

என் நெஞ்சுக்குள் ஏதோ

[இந்த இடத்தில் பதினேழு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்: "லைன் சரியா கேக்கலக்கா" என்றேன். நன்றாகக் கேட்டது.]

"சேர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். பேத்திதான் தேடிக் குடுத்தா. அதான் வழிகாட்டியா உங்களையே வேணும்னு கேட்டு வாங்கினேன்."

"நாலு மாசமா தெரியுமா? ஏன்க்கா சொல்லல?"

"தெரிஞ்சே செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களான்னு பாத்துட்டு இருந்தேன். தெரியாமதான்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. எந்த மனுசனும் தெரிஞ்சே தன்னைக் கேனயன்னு சொல்லிக்க மாட்டான்."

எத்தனையோ பேரை எடைபோட்டுப் பழகிய கடைக்காரன் நான். என்னை நான்கு மாதம் ஒருவர் அளவெடுத்துக்கொண்டிருந்தது தெரியவில்லை.*

(* அந்த வரி, நான் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதியது. எனக்கு வழிகாட்டி யாரும் கிடையாது. கடையில் சித்தப்பா சொன்னதைக் கேட்டு, எனக்கும் ஒன்று தெரியும் என்ற பெருமையில் எழுதிவிட்டு மறந்துபோனேன்.)

5

வரியை அன்றே நீக்கினேன். பதினோரு நிமிடத்தில் வேறொரு பயனர் திரும்ப வைத்தார்: 'சான்றுள்ள தகவல் நீக்கப்பட்டுள்ளது.' எழுதியவன் நான்தான், கேள்விப்பட்டதை எழுதினேன் என்று உரையாடல் பக்கத்தில் ஒப்புக்கொண்டேன். பதில் வந்தது: 'உங்கள் நினைவு சான்றாகாது. விதியைப் பார்க்கவும்.' பார்த்தேன். அந்த விதியை எழுதியவர் பட்டியலிலும் ஒரேவிலை இருந்தான்.

சான்று தேடிச் சித்தப்பாவிடம் போனேன். முதல் பிரதியில் அவருக்கு நான்கு மோதிரம் போட்டுப் பார்த்தேன்; கெட்டவன் என்று வாசகருக்கு உடனே புரியுமே. அவர் மோதிரம் போடுகிறவர் இல்லை. என்னைத் தோளில் வைத்து வளர்த்தவர். கழற்றிவிட்டேன்.

"சித்தப்பா, தீப்பிடிச்ச அன்னைக்குப் பின்வாசல் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"கடைக்காரங்க சங்கத்துக்கிட்ட. சரக்கு பின்பக்கமா நழுவுதுன்னு பகல்லயும் பூட்டி வைக்கறதுன்னு முடிவு பண்ணோம்."

"காவலாளி பூட்டினான்னு சொன்னீங்களே?"

"யாரையாவது சொல்லணும்லடா. பேரச் சொன்னேனா? பொதுவா காவலாளின்னேன்."

"அங்க இருந்ததே ஒரு காவலாளிதான். சாவி கேட்டு நம்ம கடைக்கு வந்தாரா?"

துணியை மடித்துக்கொண்டே சொன்னார், "வந்தானாம். நான் சாப்பிடப் போயிருந்தேன்."

என் வரி முழுப்பொய் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பூட்டியது நிஜம். வெளியே சென்றிருந்ததும் நிஜம். ஆள்தான் வேறு.

"இத எழுதிக் குடுப்பீங்களா சித்தப்பா?"

"வாயால சொன்னதுக்கெல்லாம் ரசீது கேக்கறியே, உன்னை யாருடா வளத்தது?"

(சங்கம் என்றால் அதன் செயலாளர். செயலாளர் என்றால் சித்தப்பா.)

6

மிச்சமிருந்தது ஒரே வழி. நடந்ததை நானே எழுதி அச்சில் வரவைப்பது. அச்சில் வந்தால் அது சான்று. கட்டுரையாக எழுதி ஓர் இதழாசிரியரிடம் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்தார்.

"பிரமாதம். ஆனா கட்டுரைன்னு போட்டா உங்க சங்கத்து ஆளுங்க என் வாசல்ல வந்து நிப்பாங்க. கதைன்னு போட்டுத் தாங்க, அடுத்த இதழ்லயே வந்துடும்."

நூல்கண்டிடம் சொன்னேன்.

"கதைன்னா சான்றா வச்சுக்க மாட்டாங்களா தம்பி?"

"மாட்டாங்கக்கா."

"அப்ப பத்திரிகைல அன்னைக்கு வந்ததே, அது என்ன?"

தலைப்புக்கு மேல் இருந்த 'கட்டுரை'யை அடித்துவிட்டு 'கதை' என்று எழுதினேன்.

முடிவுகள் கைவசம் நிறைய இருக்கின்றன. சித்தப்பா மனம் மாறிக் கையெழுத்துப் போடுகிறார் என்று எழுதலாம். நீங்கள் அழுவீர்கள், அவர் சிரிப்பார். கட்டிலில் இருப்பவர் எழுந்து தெருவுக்கு வருகிறார் என்று எழுதலாம். ஏற்கெனவே ஒருமுறை அவரைப் பற்றித் தெரியாததை எழுதியவன் நான். இனி மாட்டேன்.

அக்கா சொந்தக்காரர். அவர் தொடக் கூடாது. என் நினைவு செல்லாது. ஆனால் அந்தப் பக்கத்தின் மேலே 'திருத்து' என்றொரு பொத்தான் இருக்கிறது. எனக்கும் அவருக்கும் உறவோ பகையோ இல்லாத ஒருவர் யாராவது, இதைக் கதை என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டு, அதை அழுத்தலாம். பதினோரு நிமிடத்தில் உங்களையும் ஒருவர் தூக்குவார். பன்னிரண்டாவது நிமிடம் இன்னொருவர் அழுத்தலாம்.

பேத்தியின் கேள்விக்கு நான் எழுதிவைத்திருக்கும் பதில் இவ்வளவுதான்:

காவலாளி பின்வாசலைப் பூட்டவில்லை.[சான்று தேவை]