விளக்கு வைக்கும் நேரத்து 'டக்'

விளக்கு வைக்கும் நேரம் வந்தால் போதும், மாமாவுக்குச் சொந்த வீடே வேற்று வீடாகிவிடும். என் கணவரைப் பெற்றவர். அத்தை இறந்துபோனதிலிருந்து நினைவு தேய்ந்துகொண்டே வருகிறது. கூடம் இருட்டியதும் செருப்பைத் தேடுவார். அத்தையைக் கூட்டிவரப் போகிறாராம். கணவர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். நான் மின்பலகைப் பட்டறையில் ஒயர் பூட்டிவிட்டு வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும்.

"இன்னொரு தடவை தெருவுல திரிஞ்சாருன்னா முதியோர் இல்லந்தான் அண்ணி, சொல்லிட்டேன்" என்றான் கொழுந்தன், போனில். அத்திப்பூ மாதிரி எட்டிப் பார்க்கிற மகராசன், தீர்ப்பு மட்டும் சொல்லிவிடுவான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருட்டுவதற்குள் தானே விளக்கு எரிந்தால் மாமா கிளம்பமாட்டார் என்று தோன்றியது. பட்டறையிலிருந்து ஒரு கம்பேரட்டர் பலகையைக் கேட்டு வாங்கிவந்தேன். உள்ளங்கை அளவுதான். வெளிச்சம் பார்க்கும் கண் ஒன்று அதற்கு வோல்டேஜ் அனுப்பும். நாம் திருகில் வைத்த வோல்டேஜோடு அதை ஒப்பிட்டு, குறைந்தால் ரிலே என்கிற மின்சுவிட்சை இழுக்கும். ரிலே 'டக்' என்று விழுந்து விளக்கைப் போடும். ஒப்பிடுவதைத் தவிர வேறு வேலையே கிடையாது. என் அத்தையும் இருந்தவரை அப்படித்தான். பக்கத்து வீட்டு மருமகளோடு என்னை ஒப்பிடாமல் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

மறுநாள் காலை பலகையைக் கூடத்து விளக்கில் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். இருட்டியபின் வீடு திரும்பினால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. தெருவுக்கு ஓடினேன். நல்லவேளை, தெருமுனை சைக்கிள் கடைக்காரர் மாமாவை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்.

"உங்க அத்தை கதவத் தட்டிக்கிட்டே இருந்தாம்மா. திறந்தா ஆளக் காணோம்" என்றார் மாமா.

கூடத்துக்கு வந்து பார்த்தேன். விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. டக், டக், டக், டக். அடிப்பாவி! பலகையின் கண்ணை விளக்குக்கு எதிரிலேயே ஒட்டியிருக்கிறேன். விளக்கு எரிந்ததும் அந்த வெளிச்சத்தையே பார்த்து, பொழுது விடிந்துவிட்டதென்று அணைக்கிறது. அணைந்ததும் இருட்டென்று போடுகிறது. அந்தச் சத்தம்தான் மாமாவுக்கு அத்தை கதவைத் தட்டுவதாகக் கேட்டிருக்கிறது. தொழில்காரி பண்ணுகிற வேலையா இது!

கொழுந்தனிடம் மூச்சு விடவில்லை. கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினேன். போட ஒரு வோல்டேஜ், அணைக்க அதைவிடக் கூடுதலாக ஒன்று என்று நடுவே இடைவெளி விட்டேன். இனி சின்ன வெளிச்சத்துக்கெல்லாம் பலகை மனம் மாறாது. இதுவும் சரிவராவிட்டால் மாமாவை அனுப்பத்தான் வேண்டும். அந்தப் பயத்தில் அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்றேன்.

ஜன்னல் மஞ்சளாகி, சாம்பலாகி, கூடம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல ஆனது. நாற்காலி எது, மாமா எது என்று தெரியவில்லை. நானே அந்த வீட்டில் இருக்கிறேனா என்று சந்தேகம் வந்தது. மாமா எழுந்து காலால் தரையைத் துழாவினார். ஒரு செருப்பு கிடைத்துவிட்டது.

டக்.

ஒரே ஒரு தடவை. கூடம் முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவி, அப்படியே நின்றது. அத்தை சாயங்காலம் சுவிட்சைத் தட்டினால் அச்சு அசலாக இதே சத்தம்தான் வரும்.

மாமா செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டியா?" என்றார் விளக்கைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்தி, "மருமக வர்ற நேரம். இன்னிக்காவது அவள ஒண்ணும் சொல்லாத. பாவம், அலுத்துப்போய் வருவா" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெளியே போனால் அத்தை போய்விடுவாரோ என்று, வழக்கமாக நான் வரும் நேரம்வரை அங்கேயே நின்றேன்.