வேலைக்குப் போன வாத்தியார்கள்

சட்டம் போடுகிறவர்களுக்கு என்ன, போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மாட்டிக்கொண்டு முழிப்பது தலைமையாசிரியைதான். புதுச் சட்டம் சொன்னது இதுதான்: ஊரில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையோ, அந்த வேலையைப் பள்ளிக்கூடம் மேல்வகுப்புகளில் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருகிற ஆசிரியர் முதலில் அந்தத் தொழில் நடக்கிற இடத்துக்கே போய் ஒரு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். வகுப்பு தொடங்காத பள்ளி பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப்படும்.

பக்கத்துப் பள்ளி என்றதுமே நம் தலைமையாசிரியை தலையில் கையை வைத்துக்கொண்டார். அங்கே தலைமையாசிரியை வேறு யாருமில்லை, அவருடைய ஓரகத்தி. கணவருடைய தம்பி மனைவி. வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று தேனொழுகக் கூப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றிலும் ஒரு படி மேலே போய் நிற்பவள். இவர் ஒரு சோபா வாங்கினால், அவள் அதைவிடப் பெரிய சோபா வாங்குவாள். அவளுக்குக் கீழே கைகட்டி வேலை பார்ப்பதா?

"அதுக்கு நான் வேலைய விட்டுட்டு வீட்டுலயே உக்காந்துருவேன்" என்றார் கணவரிடம்.

"நம்ம சோபாலயா?" என்று கேட்டுவிட்டு, மனைவி பார்த்த பார்வையில் மனிதர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

ஆள் பஞ்சம் ஏசி மெக்கானிக் வேலைக்கு என்று தொழிலாளர் அலுவலகம் அறிவித்தது. இயற்பியல் ஆசிரியரைக் கடைத்தெருவில் இருந்த ஏசி கடைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார் தலைமையாசிரியை. அந்த ஆசிரியர் வெப்பத்தைப் பற்றிப் பாடம் எடுத்தால் கடைசி வரிசை குறட்டை விடும். மாதம் முடிந்து அவர் திரும்பி வந்தது ராஜினாமாக் கடிதத்தோடு.

"மேடம், அங்க நான் ஒண்ணு சொன்னா கேக்கறாங்க மேடம். கேட்டுட்டு நன்றின்னு வேற சொல்றாங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. அப்படிச் சொல்கிற மனிதரை என்னவென்று திட்டுவது?

அடுத்துப் போன வேதியியல் ஆசிரியர் கடிதம் கொடுக்கக்கூட வரவில்லை. போனில்தான் சொன்னார், அதுவும் பின்னால் டிரில்லிங் மெஷின் அலறிக்கொண்டிருந்ததில் பாதி காதில் விழவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் விசிலையும் மைதானத்தையும் விட்டு நகர மாட்டார் என்று நம்பி அவரை அனுப்பினார் தலைமையாசிரியை. அவரோ ஏசி பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிச் சுவரில் விறுவிறுவென்று ஏறினார். முதலாளி விடுவாரா?

பொறுத்தது போதும் என்று தலைமையாசிரியையே கடைக்குப் போனார். செப்புக் குழாய்ச் சுருள்களுக்கும், கழுவிக் காயப்போட்ட ஃபில்டர்களுக்கும் நடுவே, அவருடைய மூன்று ஆசிரியர்களும் எழுந்து நின்று "வணக்கம் மேடம்" என்று கோரஸ் பாடினார்கள்.

"என்னங்க இது அநியாயமா இருக்கு!" என்றார் கடை முதலாளியிடம்.

"என்ன மேடம் அநியாயம்? எங்களுக்கு வேண்டிய ஆளைப் பள்ளிக்கூடம் தரணும்னு சட்டம். நீங்க தந்தீங்க."

"தரச் சொன்னது பிள்ளைங்களை!"

"பிள்ளைங்க படிச்சு முடிச்சு வரட்டும், வேணாங்கல. ஏசி இப்பவே ஒழுகுதே." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ஆமா, கணக்கு வாத்தியார் யாராவது இருக்காங்களா?"

தலைமையாசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். இனி யாரை அனுப்பினாலும் திரும்பி வரப்போவதில்லை, வகுப்பும் நடக்கப்போவதில்லை. ஓரகத்தியின் தேன்குரல் இப்போதே காதில் கேட்டது.

மறுவாரம் கல்வி அதிகாரி வந்தார். வரும்போதே முகமெல்லாம் பல்.

"சட்டம் பிரமாதமா வேலை செய்யுது மேடம்! ஏசிக்கு இப்ப ஆள் பஞ்சமே இல்ல. அந்த வகுப்பு இனி யாருக்கும் தேவையில்ல."

தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்தது. "அப்ப நான் தப்பிச்சேனா?"

"புதுசா ஒரு வேலைக்குப் பஞ்சம் வந்திருக்கு. அந்த வகுப்பைத் தொடங்கிட்டா தப்பிச்சீங்க."

"எந்த வேலைக்கு?"

"வாத்தியார் வேலைக்கு."

"அட, இதுக்கு எதுக்குங்க கவலை? நானே எடுக்கறேன்!"

"எடுங்க. ஆனா ஒரு மாசம் அந்தத் தொழில் நடக்கற இடத்துல பயிற்சி எடுத்திருக்கணும்."

"நான் காலமெல்லாம் வாத்தியாராத்தானேய்யா இருக்கேன்!"

"சொந்த இடத்துல எடுத்தா செல்லாதுங்க. சட்டம்." அதிகாரி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். "பக்கத்துலயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கே?"

அன்று ராத்திரி தலைமையாசிரியை சாப்பிடவில்லை. அழுகையாக வந்தது, அழவும் செய்தார். கணவர் சோபாவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போனார். வாசலிலேயே ஓரகத்தி நின்றிருந்தாள். முகத்தில் தேனும் இல்லை, ஒன்றும் இல்லை.

"வாங்கக்கா. எங்க இயற்பியல் சாரும் ஏசி கடைக்குப் போயிட்டார்."

"உங்க ஆளுமா?"

"வேதியியலும்தான். வாத்தியார் வகுப்பை நானும் தொடங்கணுமாம். நானே பயிற்சிக்குப் போகணுமாம்."

"எங்க?"

ஓரகத்தி தரையைப் பார்த்தாள். "உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான்க்கா."

அந்த நிமிஷம் தலைமையாசிரியைக்கு அவளை முதல் தடவையாகப் பிடித்துப்போயிற்று. வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஓரகத்திக்கும் முடியவில்லை. உள்ளே ஆசிரியர் இல்லாத வகுப்புகள் சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருக்க, இரண்டு தலைமையாசிரியைகளும் வாசலில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

"சரி, போதும் வா" என்றார் மூத்தவர், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. "இயற்பியல் வகுப்பு எங்க இருக்கு, காட்டு. போற வழியில வெப்பம்னா என்னன்னு சொல்லிக்குடு."