பெட்டி விழுந்தது

கிடங்கு அலுவலகத்தில் டைப்பிஸ்டான அவருக்கு டிக்‌ஷனரி என்று பெயர். ஆங்கிலத்தில் 'ஸீ' எங்கே, 'லுக்' எங்கே, 'வாட்ச்' எங்கே போடுவது என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், டீ ஆறி ஆடை கட்டும்வரை ஆளை விடமாட்டார். மேனேஜர் கடிதத்தையே திருத்தியவன் என்ற மிதப்பு வேறு.

அந்த மிதப்பெல்லாம் திங்கட்கிழமை காலையோடு சரி. கிரேனின் இரும்புக் கயிறு அறுந்து ஒரு பெட்டி விழுந்தது. கீழே நின்ற சுமைக்காரரின் கால் நசுங்கியது. கிரேன் ஓட்டியவர் டிக்‌ஷனரியின் தங்கை கணவர். கயிறு நைந்துவிட்டது, மாற்றுங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல மேனேஜருக்கு மூன்று கடிதம் டைப் செய்து கொடுத்தவரும் டிக்‌ஷனரிதான்.

விபத்து அறிக்கையில் 'ஃபெல்' என்று டைப் செய்து கொண்டுபோனார். மேனேஜர் அதன்மேல் கோடு கிழித்து 'வாஸ் ட்ராப்ட்' என்று எழுதினார்.

"சார், பெட்டி தானா விழுந்தா நான் போட்டதுதான் சரி. நீங்க எழுதினது, மாப்பிள்ளையே கீழ போட்டாருன்னு ஆயிடும்."

"தெரிஞ்சுதான்யா எழுதினேன்." மேனேஜர் நிமிரக்கூட இல்லை. "அந்த மூணு லெட்டரும் ஃபைல்ல இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு பேரு இங்க வேலை பாக்குறீங்க. ஒருத்தருக்காவது வேலை இருக்க வேண்டாமா?"

இருபது வருடமாக எல்லோருக்கும் வித்தியாசம் சொன்னவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிற மடையனாக இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு அழுகையே வந்தது. திருத்தியபடியே டைப் செய்தார்.

வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை காத்திருந்தார். தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

"என்ன மச்சான் எழுதியிருக்கு?"

"பெட்டி விழுந்துச்சுன்னு."

"அவ்வளவுதானே? நீங்க டைப் பண்ணதுன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்."

தாளை முழங்காலில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"விழுந்துச்சுங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன மச்சான்? நாளைக்கு விசாரணையில கேட்டா நானே சொல்லிடறேன்."

டிக்‌ஷனரி கையெழுத்தான தாளை வாங்கி மடித்தார்.

"ஃபெல்."

"ஃபெல்... ஃபெல்..." என்று மனப்பாடம் செய்துகொண்டே மாப்பிள்ளை படியிறங்கிப் போனார்.