பேசக் கூடாத அறை

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'வாய்ப்பூட்டு'. சும்மா வைக்கவில்லை. கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் தளர்த்தினால், நல்ல ரத்தக்குழாய் விரிந்துகொடுக்கும். கெட்டுப்போனது மரக்கட்டை மாதிரி அப்படியே கிடக்கும். அந்த மயிரிழை வித்தியாசத்தைத் திரையில் அளக்கும்போது, படுத்திருப்பவர் பேசினால் போச்சு, எல்லாம் பாழ். அதனால் யார் வந்தாலும் அவள் முதலில் சொல்வது, "பேசக் கூடாது." அவள் தனியாக இருக்கும் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சுக்கு வேலையே இல்லை.

ஆய்வு முடிந்து, அதற்காக வந்துபோன எல்லாருக்கும் நன்றி சொல்லி அனுப்பிவைத்த மறுவாரம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் தலையைப் படிய வாரி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே ஐயா, மறந்துட்டீங்களா?" எரிச்சலாகத்தான் கேட்டாள்.

"மறக்கலம்மா. இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்களேன்."

"எதுக்கு? வாயைத் திறக்காம படுத்துக் கிடக்கறதுக்கா? அதை வீட்டிலயே செய்யலாமே."

"வீட்டில அதைத்தாம்மா செய்யறேன்" என்றார் அவர். "பேசாதேன்னு சொல்லத்தான் அங்க ஆள் இல்ல."

அவள் இயந்திரத்தின் உறையை உருவினாள். அவரைப் படுக்கவைத்துப் பட்டையைக் கட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"பேசக் கூடாது" என்றாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கண்டிப்பாகவே.