சுந்தரராஜனின் வெள்ளிக்கிழமைச் சந்திப்பு

செத்தவீட்டுக்கு வந்தவர்களின் சப்பாத்துக் குவியலுக்குள் யோகாம்பிகை குனிந்து தன்னுடைய சோடியைத் தேடிக்கொண்டிருந்தாள். கணவர் சுந்தரராஜன் ஆஸ்பத்திரியில் கண்மூடி மூன்றாம் நாள். லண்டனில் நினைத்தவுடன் எரிக்க முடியுமா? தகனசாலையில் அடுத்த வியாழன்தான் இடம் கிடைத்திருந்தது. அதுவரை அந்த மனிசன் குளிர்ப்பெட்டிக்குள் கிடக்க வேண்டியதுதான்.

“எங்கையம்மா வெளிக்கிடுறியள்?” மகள் கிரிஜா தேத்தண்ணித் தட்டோடு வந்து மறித்தாள்.

“எம்.பியிட்டை. இண்டைக்கு வெள்ளியல்லோ. அப்பான்ரை அப்பொயின்ற்மென்ற்.”

உள்ளே கதை நின்றது. யோகாம்பிகையின் தம்பி பாலேந்திரா எழுந்து வந்தார். எந்தச் செத்தவீட்டிலும் முறை சொல்ல ஒருவர் வேண்டுமே, இங்கே அவர்.

“அக்கா, இது துடக்கு வீடு. நீங்கள் வாசல் தாண்டக்கூடாது. சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.”

அப்பாவுக்குக் கிடைக்காத பென்ஷனின் கதையைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவள் கிரிஜா. பசிபிக்கில் ஒரு தீவு. அங்கே வெள்ளைக்காரனின் கொடியின் கீழ் காடு மேடெல்லாம் அளந்த சர்வேயர் அப்பா. தீவுக்குச் சுதந்திரம் வந்ததும், அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்த வெள்ளைக்கார சர்வேயர் மைக்கேலின் பென்ஷனை லண்டன் பொறுப்பெடுத்தது. அப்பா கொழும்பில் வேலைக்கு எடுக்கப்பட்டவராம், தீவு அரசிடம் கேட்கட்டுமாம். தீவு அரசோ, உம்மை வைத்திருந்தவர்களிடம் போய்க் கேளும் என்றது. இப்படி ஆளுக்காள் கைகாட்டியே அவரைக் கிழவனாக்கிவிட்டார்கள். புதிதாக வந்த எம்.பி. மட்டும்தான் காதுகொடுத்தாள். திங்கட்கிழமை அமைச்சரைச் சந்திக்கிறாளாம், அதற்கு முன் அப்பாவின் கதையை நேரில் கேட்க வேண்டுமாம்.

“அத்தானே போயிட்டார். இனி என்னக்கா பென்ஷன்?” என்றார் பாலேந்திரா. “பிள்ளையள் உங்களைப் பாக்கமாட்டினமோ?”

“பாப்பினம். ஆனால் பிள்ளையளே அவரைக் காட்டுக்கை அனுப்பினது? ஆர் வேலை வாங்கினதோ அவை பொறுப்பெடுக்கட்டும்.”

பாலேந்திராவின் பார்வை அவளுடைய நெற்றிக்குப் போனது. குங்குமப் பொட்டு புதிதாக வைத்திருந்தாள்.

“இந்தப் பொட்டோடையே போகப்போறியள்?”

“வியாழன் எரிக்கேக்கை அழிப்பன். அதுவரைக்கும் நான் அவற்ரை பெஞ்சாதி. பெஞ்சாதியாப் போய்க் கேக்கிறன்.”

கிரிஜாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மாவில் அல்ல, மாமாவிலும் அல்ல. அந்த எம்.பியிடம் நாள் எடுக்க அப்பா எத்தனை தரம் போன் அடித்தார். இந்த வெள்ளி வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்று செத்த மனிதரிலேயே கோபம் வந்தது. கண் கலங்கியது. தட்டை மாமாவின் கையில் வைத்தாள்.

“மாமா, இதை எல்லாருக்கும் குடுங்கோ. நான் காரை எடுக்கிறன்.”

பாலேந்திரா தட்டோடு நின்றார்.

எம்.பி. ஆட்களைச் சந்திப்பது லூயிஷாமில், ஒரு நூலகத்தின் பின் அறையில். வாசலில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. வீட்டு வாடகை, விசா என்று ஆளுக்கொரு பிரச்சினையோடு சனம் காத்திருந்தது. யோகாம்பிகை சுவரோரம் இருந்துகொண்டு, பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்தாள். அதற்கு அடுத்ததில் கிரிஜா இருந்தாள்.

“உள்ளை போனவுடனை அப்பா செத்ததைச் சொல்லிப்போடுவம், அம்மா.”

“சொல்லத்தானே வேணும். பொய் சொல்லியே கேக்கப்போறம்? ஆனால் முதல் அவர் செய்த வேலையைச் சொல்லுவன். பிறகுதான் செத்தது.”

கைத்தடியோடு ஒரு முதியவர் வந்தார். வேறு இடமில்லை. பையைக் காட்டி, யாராவது இருக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிரிஜா பையை எடுக்கக் கை நீட்டினாள்.

“ஆள் இருக்கு,” என்றாள் யோகாம்பிகை.

தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்கு விளங்கியது. தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். கிரிஜா எழுந்து தன்னுடைய இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டாள். அம்மாவின் பையை அவள் தொடவில்லை.

கதவு திறந்தது. உதவியாளர் பெண் திக்கித்திக்கிப் பெயரை வாசித்தாள்.

“மிஸ்டர் சுந்… சுந்தரராஜன்?”

கிரிஜா விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

“யெஸ்,” என்றாள்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். குனிந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்தாள். அந்த நாற்காலியின் முதுகில் ஒருதரம் கை வைத்துவிட்டு, உள்ளே நடந்தாள்.