அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

மூன்றாவது செவ்வாய்க்கிழமையும் அந்த ஆள் வந்து நின்றபோது அற்புதமலர் கூட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே கவனித்தாள்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்தப் பழைய கத்தோலிக்கக் கோவிலை அவள்தான் துப்புரவு செய்தாள். பங்குச் சாமியார் அதன் பக்க அறையை ஞாயிறு செபத்துக்காகத் தமிழருக்கு விட்டிருந்தார். வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். நாடா பிடித்துச் சுவர்களை அளப்பார், கொப்பியில் எழுதுவார், போய்விடுவார்.

"குவெஸ்தூரா பொலிஸ் ஆளாத்தான் இருக்கும்," என்றான் அவள் கணவன் அருளையா. "செபத்துக்கு வாற சனத்திலை பாதிப்பேருக்கு இஞ்சை இருக்கிறதுக்குப் பேர்மெஸ்ஸோ இல்லை. நீ ஒண்டும் கதைச்சுப்போடாதை."

"அந்த அலுமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, சிஞ்ஞோரா?" என்று அவர் கேட்டபோது அவள் "சுவர்" என்றுதான் சொன்னாள். ஒருமுறை தூசு தட்ட அலுமாரியை நகர்த்தியபோது, அங்கே ஒரு மாடக்குழியையும், அதற்கு மேலே கல்லில் வெட்டிய, அவளுக்கு எந்தப் பாஷையென்றே தெரியாத இரண்டு வரிகளையும் கண்டிருந்தாள்.

அன்று அவர் கை கழுவப் போன நேரம் கொப்பி மேசையில் கிடந்தது. திறந்து பார்த்தாள். அந்த அறையின் படம். அலுமாரி நின்ற இடத்தில், அவர் ஒருநாளும் கண்டிராத மாடக்குழி அச்சொட்டாக வரையப்பட்டிருந்தது.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?" திரும்பி வந்தவரிடம் கொப்பியை நீட்டிக் கேட்டாள்.

அவர் கோபிக்கவில்லை. பழைய விற்பனை உறுதிப் பத்திரம் ஒன்றில் வாசித்ததாகச் சொன்னார். இது முன்பு யூதரின் தொழுகைக்கூடம். ஐந்நூறு வருடத்துக்கு முன் அரசன் கட்டளை போட்டு, சில மாதத் தவணையில் சிசிலியின் யூதரை வெளியேற்றினான். அந்த மாடத்தில்தான் அவர்கள் வேதச் சுருள்களை வைத்திருந்தார்கள். தானும் யூதன்தான் என்றார்.

"இப்ப திருப்பிக் கேக்கப் போறியளோ?"

"இல்லை. பார்த்தால் போதும்."

அவள் நம்பவில்லை. உடையவர்கள் ஒருநாள் கேட்டு வருவார்கள் என்று ஊரில் இருந்த கடைசி ஐந்து வருடமும் பயந்திருந்தவள் அவள். தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, பக்கத்து வீட்டு றகுமா தன் வீட்டைப் பூட்டித் திறப்பை அவள் கையில் தந்துவிட்டு வள்ளமேறினாள். ஒரு கிழமைக்குள் ஊரார் கழற்றியதில் அந்த வீட்டில் கதவு நிலைகள்கூட மிஞ்சவில்லை. தேக்கங்கதவு ஒன்றை அருளையாவே தூக்கி வந்தான். அவள் வாய் திறக்கவில்லை.

"அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ," என்றாள்.

இருவருமாக அலுமாரியைத் தள்ளினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிகளை விரலால் தடவி வாசித்தார். செத்துப்போன மகளின் நினைவாக ஒரு தகப்பன் செய்வித்த மாடம் அது. வாசித்து முடித்தவர் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எதையாவது பெயர்த்தெடுக்கிறாரா என்று அவள் கண் அவர் கையிலேயே இருந்தது.

அவர் அறிவித்து இரண்டு மாதத்தில் தொல்பொருள் அதிகாரிகள் அறையைப் பூட்டினார்கள். பொலிஸ் வரவில்லை. செபம் போர்கோ வெக்கியோ பகுதியில் ஒரு ஒடுங்கிய மண்டபத்துக்கு மாறியது. முதல் ஞாயிறே, பேர்மெஸ்ஸோ இல்லாத கொட்வின் எல்லார் முன்னும் கேட்டான்.

"அந்த ஆளுக்கு ஆர் காட்டிக் குடுத்தது?"

அருளையா தலையைக் குனிந்தான்.

"நான்தான்," என்றாள் அற்புதமலர். "அந்தச் சனத்தின்ரை இடம். வந்து கேட்டவர், காட்டினன்."

அன்று செபம் முடியுமட்டும் அவள் இருந்த வாங்குப் பலகையில் வேறொருவரும் வந்து இருக்கவில்லை.