கத்துவது எந்தக் கேடயம்?

கண்ணாடிக் கடைக்காரிக்கு அந்தச் சிவப்புப் பெட்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பார்வை சோதிக்க வந்தவரை உட்காரவைத்து, அவருடைய பழைய பவரைக் கம்ப்யூட்டரில் தேடும் நேரம் பார்த்துத்தான் அது திரை மூலையில் முளைக்கும்: 'உங்கள் வைரஸ் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது.' அப்டேட்டை அழுத்துவாள். முடிந்தது என்று வரும். சற்று நேரத்தில் மறுபடியும் அதே புலம்பல்.

"கண்டுக்காம விடு" என்பது கணவரின் வைத்தியம். அவர் லென்ஸ் வாங்கப் போயிருந்த ஒரு காலை, வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எங்க விவரமெல்லாம் இதுலதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அவர் படியிறங்கியதும் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனாருக்கு ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடும்பத்தில் அவளுக்கு 'அழுத்தக்காரி' என்று பட்டம். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் 'வா', 'போயிட்டு வரேன்' தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. ஆனாலும் மதிய இடைவேளையிலேயே வந்து நின்றாள்.

"இடம் பத்தலை போலிருக்கு அண்ணி. அதான் அப்டேட் பாதியில நிக்குது" என்று, கடையின் ஃபிரேம் படங்களையெல்லாம் வேறொரு டிரைவுக்கு மாற்றினாள். அப்டேட்டும் ஓடி முடிந்தது. இருவரும் மூச்சுவிடுவதற்குள் சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது.

"நான் நினைச்சது தப்பு அண்ணி."

அவ்வளவுதான். முகத்தில் சுளிப்பில்லை, கம்ப்யூட்டர் மேல் பழி இல்லை. எடுத்த படங்களை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கடைக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிச் சொல்கிற ஆளை இந்த வீட்டில் அவள் இதுவரை பார்த்ததில்லை.

"நீங்க வழக்கமா செய்யறதை செய்யுங்க. நான் பாக்கறேன்."

கடைக்காரி அப்டேட்டை அழுத்தினாள். நாத்தனார் திரைக்கு அருகே குனிந்தாள்.

"அண்ணி, திரை மூலையில ரெண்டு கேடயப் படம் இருக்கு பாருங்க, ரெண்டும் வேற வேற வைரஸ் தடுப்பு. நீங்க அழுத்தறது நீலக் கேடயம். அது நல்லாதான் இருக்கு. கத்தறது இந்தப் பச்சைக் கேடயம். கம்ப்யூட்டர் வாங்கினப்போ கூடவே வந்தது. அண்ணன் எடுத்துட்டதா நினைச்சிருக்கார், பாதி உள்ளயே தங்கிடுச்சு. அதுக்கு இனிமே அப்டேட் வரவே வராது."

"அப்ப வேலை பாக்கறது ஒண்ணு, சத்தம் போடறது இன்னொண்ணா?"

"ஆமா."

"உங்க அண்ணனை மாதிரின்னு சொல்லு!"

அழுத்தக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். கடைக்காரி அந்தச் சிரிப்பை முதன்முறையாகக் கேட்டாள்.

பச்சைக் கேடயத்தைச் சாதாரணமாக நீக்கப் பார்த்தால், அது பட்டியலிலேயே இல்லை. அதைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை நாத்தனார் இணையத்தில் தேடினாள். முதலில் வந்த பளபளப்பான விளம்பரத்தைத் தொடாமல், முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துச் சரியான பக்கத்துக்குப் போனாள். அதற்கும் முன்பு வாடிக்கையாளர் விவரங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தாள். 'இந்தப் பொறுமை எனக்கு லென்ஸ் தேய்க்கும்போதுகூட வராது' என்று கடைக்காரி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. நீலக் கேடயம் மட்டும் இருந்தது. முழுசாக ஒருமுறை ஸ்கேன் செய்தார்கள். வைரஸ் எதுவும் இல்லை. சிவப்புப் பெட்டி அதற்குப் பிறகு வரவே இல்லை.

நாத்தனார் பையை மாட்டிக்கொண்டு, "வரேன் அண்ணி" என்றாள்.

"எங்க வரே? உட்காரு. வந்ததுலேருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கலை. அந்த ஆபீஸ்ல உனக்கு என்னதான் வேலை? ஒண்ணுவிடாம சொல்லு."

நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.